தபீத்தாள் அனுப்பிய மேஜோடு

வாசிக்கட்டும், நன்றாக இழுத்து இழுத்து வாசிக்கட்டும். என் பேருக்கு வந்த கடுதாசி. எழுதியவள் என் கூடப்பிறந்தவள். அரக்கு முத்திரையை உடைத்தது பாதிரி ஐயர், வாசிக்கப்போகிறவர் நல்லதம்பி உபதேசியார், கேட்கப்போவது தரங்கம்பாடிச் சபை மொத்தமும். ஏன், எனக்கு எழுத்து தெரியாதா? இந்தச் சபைப் பள்ளிக்கூடத்தில்தானே மணலில் விரல் தேய எழுதி, ஓலையில் எழுதி, ஞானோபதேசம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ஆனாலும் கப்பலில் வந்த கடுதாசி என்றால் அது சபைக்கு வந்த கடுதாசி, அதுதான் இங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, வாசித்து, ஆமென் சொல்லி, எல்லாரும் மென்று துப்பிய பிற்பாடுதான் உரியவள் கையில் கொடுப்பார்கள். இதோ கண்ணாடியைத் துடைக்கிறார் உபதேசியார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. நேற்றுக் கிணற்றடியில் இவர் வீட்டம்மாவும் இப்படித்தான் சிரித்தாள். "ஒம் பொண்ணுக்கு யோகம் அடிச்சிருக்கு ரெபெக்கா. நான் வாயத் தொறக்கக் கூடாது. நாளைக்கு நீயே கேப்பே" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் வாய் மூடியிருந்த நாள் எது? அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தபீத்தாள் என் மகளைக் கேட்டு எழுதியிருக்கிறாள். வேறு என்னவாக இருக்க முடியும்? என்னிடமிருந்து அவள் கேட்டு வாங்குவதற்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது? ராத்திரி முழுவதும் பக்கத்தில் படுத்திருந்த யோவன்னாளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். காலையில் எழுந்து எண்ணெய் தடவி, சீவி, பின்னிவிட்டு, இங்கே கொண்டுவந்து பாயில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அவள் முழங்கால் என் முழங்காலில் படுகிறது. நகர்ந்துகொள்ளாமல் இரு, என் தாயே.

"கர்த்தருக்குள் பிரியமான என் மூத்த சகோதரி ரெபெக்காளுக்கு, தங்கையாகிய தபீத்தாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம். அவ்விடத்துச் சுகத்தை அறிய ஆவலாயிருக்கிறேன்." ஆவலாயிருக்கிறாளாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது எங்கே போயிற்று இந்த ஆவல்? அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய், சுவரைத் தடவித் தடவி என் பேரைச் சொல்வதற்குப் பதில் இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளே, அப்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்தவள் யார்? நான்தான். "தபீத்தா, வந்துட்டியாடி" என்பாள் அம்மா. நானும் "வந்துட்டேம்மா" என்பேன். அது என்ன, அந்த வீட்டில் எல்லாமே அவள் பேரில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பெண்பிள்ளைகளுக்கு மேஜோடு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், காலுக்கு முழங்கால் வரை மாட்டிக்கொள்ளும் பின்னல் உறை. இந்த வெயிலில், இந்த உப்புக்காற்றில், செருப்பே போடாத ஊரில், மேஜோடு. கோட்டையில் இருக்கும் துரைமாருக்கும் துரைசானிகளுக்கும் போகும். தபீத்தாள் பின்னினால் ஒரு கண்ணி பிசகாது. பின்னல் சொல்லிக்கொடுக்கிற அம்மாள் அவள் மேஜோட்டை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவாள், பிறகு என்னுடையதையும் தூக்கிக் காட்டுவாள், எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு. கூடத்தில் பேசக் கூடாது. கடற்கரைப் பக்கம் திறக்கும் வாசலுக்கு அருகே தபீத்தாள், நான் கடைசி வரிசை. உச்சிவேளையில் அம்மாள் கண்ணயர்ந்ததும் அந்த வாசல் வழியாக நழுவிப்போய்ப் புன்னை மரத்தடியில் புளியங்காய் தின்பேன். சில நாள் அந்த அம்மாள் தூங்கப்போவது மாதிரி போக்குக் காட்டிவிட்டு, பிரம்போடு வாசலுக்கு வெளியே காத்திருப்பாள். அன்றைக்குத் தபீத்தாள் தன் மேஜோட்டில் கணுக்கால் வருகிற இடத்தில் ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றிப் பின்னுவாள். மழமழவென்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு எழும்பும். அதைத் தோளுக்குப் பின்னால் எனக்குத் தெரிகிற மாதிரி தொங்கவிடுவாள். வராதே என்று அர்த்தம். நான் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ஒரு தரம் அம்மாள் அந்த வரியைப் பார்த்துவிட்டு அவள் விரல் முட்டியிலேயே போட்டாள். ஏன் பிசகியது என்று கேட்டதற்கு இவள் வாயைத் திறக்கவில்லை. பாவம் பாவம் என்று எல்லாரும் அவள் விரலுக்கு எண்ணெய் போட்டு நீவினார்கள். அடி வாங்குவதில்கூட நல்ல பேர் அவளுக்குத்தான். புளியங்காய் கிடைக்காமல் போன என்னை யார் கேட்டார்கள்?

"நாங்கள் ராசாவின் ஊரைவிட்டு, துரையவர்களுக்கு உத்தியோகம் மாறினபடியால், அமெரிக்காவைச் சேர்ந்த சாந்தக்குரூஸ் என்னும் தீவில் வந்து சேர்ந்தோம்." கோட்டைத் துரைமாரின் ராசா இருக்கிற குளிர் ஊருக்குப் போனவள், இப்போது அமெரிக்காவாம். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. சத்தம் கேட்டுப் பாதிரி ஐயர் கையை உயர்த்தி, அது மேற்கே, பெருங்கடலுக்கு அப்பால், நம் ராசாவுக்குச் சொந்தமான சர்க்கரைத் தீவு என்று விளக்குகிறார். சர்க்கரைத் தீவு! பாயில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றன. தீவே சர்க்கரையால் ஆனது என்று நினைத்துக்கொண்டிருக்கும். என்னுடையதும்தான். கண்ணைப் பார், எப்படி விரிகிறது. "இவ்விடம் குளிர் இல்லை, நம்முடைய ஊர் போல வெயிலும் கடலும் உண்டு. எங்கு பார்த்தாலும் கரும்பு. துரையவர்களின் வீடு மேட்டின் மேல் இருக்கிறது. எனக்கு ஒரு குறைவும் இல்லை. நான் சுகமாயிருக்கிறேன்." முதல் வரியிலேயே சுகம் சொல்லியாயிற்று. மறுபடியும் எதற்கு? எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான், அக்காள் வயிறு எரியட்டும் என்றுதான். எரிகிறது, தாயே, நன்றாகவே எரிகிறது. அன்றைக்குத் துரைசானி ஆயா வேலைக்குப் பெண் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, மூத்தவளான என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். கப்பலில் போகப்போவது நான்தான் என்று பெட்டிகூடத் துடைத்து வைத்துவிட்டேன். துரைசானி என் மேஜோட்டைப் புரட்டிப் பார்த்தாள், தபீத்தாளுடையதைப் புரட்டிப் பார்த்தாள், முடிந்தது. அந்தப் பெட்டியைத் தபீத்தாள் எடுத்துக்கொண்டு போனாள். "வீட்டிலும் வயலிலும் வேலையாட்களுக்குக் குறைவில்லை. அவர்கள் ஆப்பிரிக்காக் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்படுகிறார்கள். துரையவர்கள் அவர்களை விலைக்கு வாங்குகிறார்கள்." விலைக்கு. யாரும் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. வேலையாட்களுக்குக் குறைவில்லையாம் என்று மட்டும் பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறாள். எனக்கு அந்த வார்த்தை மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. பஞ்ச வருஷத்தில் இதே கடற்கரையில் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு அரிசியை மடியில் கட்டிக்கொண்டு போனவள், கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே நின்றாள். வெகுநேரம் நின்றாள். அப்புறம் நடந்தாள்.

"ஏன்மா கையப் புடிச்சு நசுக்குறே?" என்று யோவன்னாள் கிசுகிசுக்கிறாள். விட்டுவிட்டேன். அவள் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்கிறாள். காலில் மேஜோடு. கடுதாசியோடு வந்த பொட்டலத்தை ஆராதனைக்கு முன்னாலேயே உபதேசியார் வீட்டம்மா பிரித்து, எல்லாப் பெண்களும் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைசியில் இவள் காலில் மாட்டியும்விட்டாள். வெள்ளைப் பருத்தி நூல். எனக்கு என்று ஒன்றும் இல்லை. எனக்கு எதற்கு? நான் அக்காள்தானே. தபீத்தாள் இவளுக்கு ஞானத்தாய் அல்லவா, தன் ஞானப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த வினையை என் கையாலேயே இழுத்து விட்டுக்கொண்டேன். இவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாய் யார் என்று ஐயர் கேட்டார். எதிர்வீட்டு நவோமி, நான் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், நல்லவள், தூக்கி வளர்த்திருப்பாள். நான்தான், துரைவீட்டில் இருக்கிற தங்கை ஞானத்தாயாக இருக்கட்டும், ராசா ஊரிலிருந்து வெள்ளிக் கிண்ணம் வரும், ஊர் பார்க்கும் என்று, இங்கே இல்லாதவள் பேரைச் சொன்னேன். இவள் அப்பாவும் உயிரோடு இருந்தார், வேண்டாம் என்றுதான் முகத்தைச் சுளித்தார். உபதேசியார் வீட்டம்மா அவளுக்குப் பதிலாளாக நின்று பிள்ளையை ஏந்தினாள். கடுதாசியில் எழுதி அனுப்பினோம். கிண்ணம் வரவில்லை. கிண்ணமாவது வந்திருக்கக் கூடாதா? தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஞானத்தாய் பாதித் தாய் என்பது ஐயர் கணக்கு. அந்தப் பாதியைத்தான் இப்போது கேட்கப்போகிறாள். கேட்டால் எதைச் சொல்லி மறுப்பேன்? பிரிய மனம் இல்லை என்றால், தேவனை நம்பு என்பார் ஐயர். கடல் பயம் என்றால், உன் தங்கை போகவில்லையா என்பார். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று சொல்லலாம், அது ஒன்றுதான் உண்மை, அதைத்தான் சொல்ல முடியாது. நற்கருணைக்கு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற அந்தப் பந்திக்கு, பேர் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஐயர் கேட்பார், யாரோடாவது பகை உண்டா என்று. பகையுள்ளவள் பந்தியில் சேரக் கூடாது. இல்லை ஐயரே, எல்லாரோடும் சமாதானம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிச் சொல்லியே அப்பத்தை வாங்கியிருக்கிறேன். தொண்டையில் இறங்கும்போது அது ஒவ்வொரு தரமும் தபீத்தாளைத் தொட்டுக்கொண்டுதான் இறங்கும்.

வந்துவிட்டது. உபதேசியார் குரலை மாற்றிக்கொள்கிறார், சுவிசேஷம் வாசிக்கிற குரல். "யோவன்னாளுக்கு நான் ஞானத்தாய் ஆனபடியால், அவளை இந்தக் கப்பல் திரும்பும்போது என்னிடத்தில் அனுப்பிவைக்க வேண்டியது. துரைசானி அம்மாளுக்குத் தையலும் பின்னலும் தெரிந்த பிள்ளை ஒருத்தி வேண்டியிருக்கிறது. வழிச் செலவு முழுவதும் துரையவர்களைச் சேர்ந்தது. அவளை நான் என் கண்ணின் மணியாகக் காப்பேன். அவளுக்கு என் கையால் மேஜோடு பின்னி அனுப்பியிருக்கிறேன். அக்காள் அதைக் கையில் எடுத்து, என் கைவேலையைச் சோதித்துப் பார்த்து, நாம் இருவரும் பின்னல் கூடத்தில் இருந்த நாட்களை நினைத்துக்கொள்ள வேண்டியது. இங்கே நான் சுகம்." மூன்றாம் தரம் சுகம். அதோடு கைவேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம், நான்! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தூக்கிக் காட்டுகிறாள், எப்படி இருக்க வேண்டும் என்று. பெட்டியை எடுத்தாய், கப்பலை எடுத்தாய், அம்மா வாயிலிருந்த கடைசிப் பேரையும் எடுத்துக்கொண்டாய், இப்போது இதையுமா? கண்ணின் மணியாம். பிறந்த பிள்ளைக்கு மாந்தம் வந்தபோது வசம்பு சுட்டு உரைத்தவள் யார்? அம்மையில் கிடந்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் யார்? இவள் வாயைத் திறந்து முதலில் சொன்ன வார்த்தை எது என்று தெரியுமா உனக்கு? வெளியே அலை அடிக்கிறது. இரண்டு மாசம் கழித்து அந்தக் கப்பல் பாயை ஏற்றும். ஆட்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளைப் பார்ப்பது மாதிரி. உபதேசியார் வீட்டம்மா என் தோளை இடிக்கிறாள். "பாத்தியா, சொன்னேன்ல. எம் பொண்ணுக்கு வந்திருந்தா நான் குதிச்சிருப்பேன்." அனுப்பேன், உன் பெண்ணை. நன்றாக அனுப்பு.

"அம்மா, நான் போறேம்மா." யோவன்னாள்தான். என் காதோடு காதாக, சூடாக, மூச்சு முட்டச் சொல்கிறாள். "போறேம்மா. சித்தி இருக்காங்கல்ல. கப்பல்ல போறேம்மா." இவளுக்கு அந்தச் சித்தி யார்? பார்த்ததே இல்லை. ஒரு கடுதாசி, ஒரு ஜோடி மேஜோடு, அதற்குள் நான் பழசாகிவிட்டேன். பெற்றவளைவிட மேஜோடு அனுப்பினவள் பெரியவள். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை, கோவில் என்றும் பார்க்கவில்லை, "கழட்டுடி அத" என்று அவள் காலை இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். "அம்மா, வலிக்குது." வலிக்கட்டும். முழங்காலுக்குக் கீழே விரலை விட்டு உருட்டி உருட்டி இறக்குகிறேன். பிசகில்லாத பின்னல், சனியன், பட்டு மாதிரி வழுக்குகிறது. கெண்டைக்கால் தாண்டியாயிற்று. கணுக்காலுக்கு வந்தபோது கட்டைவிரலில் ஏதோ தட்டியது. மணல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். தேய்த்துப் பார்த்தேன். மணல் இல்லை. ஒரு மேடு. கணுக்காலைச் சுற்றி, ஒரே ஒரு வரி.

பிசகிவிட்டது அவளுக்கு. அதுதான் முதலில் தோன்றியது, தோன்றியதும் சந்தோஷமாகக்கூட இருந்தது. வயசாகிறதல்லவா, அவளுக்கும் கண் மங்கத்தானே வேண்டும். இன்னொரு காலைத் தடவினேன். அதே இடம், அதே வரி. இரண்டு காலிலும் ஒரே இடத்தில் பிசகுமா? பிசகும், பாணி அதுவாக இருந்தால் பிசகும். அந்த ஊரில் இப்படி ஒரு மோஸ்தர் வந்திருக்கலாம், கணுக்காலில் வளையம் வைத்துப் பின்னுகிற மோஸ்தர். ஆனால் வளையம் என்றால் இரண்டு வரி, மூன்று வரி வைப்பார்கள், அழகுக்கு வைப்பதை யாரும் ஒற்றை வரியில் வைக்க மாட்டார்கள். கைவேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டியது. பின்னல் கூடத்தை நினைத்துக்கொள்ள வேண்டியது. அப்படி நினைத்துக்கொள்ள அந்தக் கூடத்தில் எங்கள் இருவருக்கும் என்ன இருந்தது? நான் கடைசி வரிசை, அவள் வாசல் ஓரம். அவள் தோளில் தொங்கும் மேஜோடு. நான் பார்ப்பேன், உட்கார்ந்துவிடுவேன். வராதே. ஐயோ, தபீத்தா. வாசலுக்கு வெளியே யாரடி பிரம்போடு நிற்கிறார்கள்? கடுதாசியில் எழுதித் தொலைத்திருக்கலாமே என்று நினைக்கும்போதே அதற்கும் பதில் வந்துவிட்டது. அந்தத் துரை கோட்டைப் பண்டகசாலையில் இருந்த நாளில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவன். ஓலைச்சீட்டு எல்லாம் தானே வாசித்து, நெசவாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பான். அவன் கண்ணில் படாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு எழுத்து வெளியே வராது. அவன் சொல்லி எழுதியிருக்கிறாள். அவன் பக்கத்தில் நிற்க எழுதியிருக்கிறாள். சுகம், சுகம், சுகம் என்று மூன்று தரம். விலைக்கு வாங்குகிறார்கள் என்ற வரியை அவன் பெருமையாக நினைத்து அடிக்காமல் விட்டிருப்பான், அதை எனக்காக எழுதினாளோ என்னவோ. அந்த வீட்டில் அவள் என்னவாக இருக்கிறாள்? ஆயாவாகத்தான் போனாள். கப்பல் மாறி, கடல் மாறி, கறுத்தவர்கள் எல்லாரும் விலைக்கு வாங்கப்படுகிற ஊரில் இன்னும் ஆயாவாகவா வைத்திருப்பார்கள்? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அழக் கூடாது. இப்போது அழுதால் தங்கைமேல் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள், பாசம் என்றால் பிள்ளையைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

"ரெபெக்காளே, எழுந்திரு. உன் சகோதரியின் வேண்டுதலுக்கு நீ என்ன சொல்லுகிறாய்?" என்று ஐயர் கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த வரியைக் காட்டி என்ன என்று சொல்லுவேன்? சொன்னால் நம்புவாரா? நம்பினாலும் துரைக்கு எழுதிக் கேட்பார், அப்படித்தான் நல்ல மனுஷர்கள் செய்வார்கள், அப்புறம் தபீத்தாள் விரல் முட்டி என்ன ஆகும்? எழுந்து நின்றேன். மேஜோடு இரண்டும் என் கையில் சுருட்டியிருந்தன. "அனுப்ப மாட்டேன் ஐயரே." ஏன் என்றார். "எனக்கும் அவளுக்கும் பகை." யாரோ இருமினார்கள். "பகையா? நீ என்னிடத்தில் அப்படிச் சொன்னதில்லையே." "பொய் சொன்னேன். பகைதான். அவ கப்பல் ஏறின நாள்லேருந்து பகை. எம் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போனவ அவ. அப்பா சாவுக்கு வந்தாளா? கண்ணு தெரியாத அம்மாவுக்குக் கை குடுத்தாளா? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு, இதுவும் வேணுமாமா அவளுக்கு? நான் உசுரோட இருக்கிற மட்டும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன். எம் புள்ளயும் முழிக்காது." சத்தம் கோவில் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. ஒரு வார்த்தையைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை. இத்தனை வருஷமாக உள்ளே போட்டு வைத்தது அத்தனையும் அப்படியே வாயில் வந்து நின்றது, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, அது இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது என்று. அவள் விரலை நீவிவிட்டார்கள் என்ற கோபம்கூட அப்படியே இருந்தது, அதே நேரம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஐயர் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, பகையுள்ள வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவது முறையல்ல என்றார். சமாதானம் ஆனதென்று இரண்டு பேரும் எழுதும்வரை நான் பந்தியில் சேரக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன். கடுதாசி போய்ப் பதில் வருவதற்குள் யோவன்னாளுக்கு நல்ல இடம் பார்த்துக் கையைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன். அதுவரை அப்பம் இல்லை, ரசம் இல்லை, கடைசிப் பாயில் உட்கார வேண்டும். என்னைக் கடந்துபோன பெண்கள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். உபதேசியார் வீட்டம்மா, "இவ்வளவு வெஷமாடி ஒனக்கு" என்றாள். யோவன்னாள் எழுந்து, தூண் ஓரம் போய் நின்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "ஒனக்குப் பொறாம. சித்தி மேல பொறாம. நான் நல்லா இருக்கக் கூடாது ஒனக்கு." வெறுங்கால். கணுக்காலில் நான் இழுத்த சிவப்பு. சொல்லிக்கொள், மகளே. நீ இந்த மண்ணில் நின்றுகொண்டு என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைதுகொள்.

பதில் அப்போதே எழுதிவிட வேண்டும் என்றார் ஐயர், அவர் முன்னிலையில். மை, இறகு, எல்லாம் வந்தது. எப்படியும் அங்கே போய் முதலில் பிரிக்கப்போவது அந்தத் துரைதான். நல்லதம்பி உபதேசியார் தாளை நேராக வைத்துக்கொண்டு, "கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சின்னு ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், தபீத்தாளுக்கு என்று மட்டும் போடுங்கள் என்றேன். "பிள்ளையை அனுப்புவதற்கில்லை என்று எழுதுங்க." எழுதினார். "எனக்கும் உனக்கும் பகைன்னு எழுதுங்க." பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதினார். இறகு கீச்சுக் கீச்சென்றது. கையிலிருந்த மேஜோட்டில் அந்த வரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றேன், என் முகம் எப்படி இருந்ததோ, ஐயர் என்னைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னலைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு. நீ அனுப்பிச்ச மேஜோட்டச் சோதிச்சுப் பாத்தேன். கணுக்கால்ல ஒரு வரி பிசகியிருக்கு. ஒனக்கு இன்னும் பின்னத் தெரியல." உபதேசியார் இறகைத் தூக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு தூரத்துல இருக்கிற பொண்ணும்மா அது. இதையுமா எழுதணும்?"

"மத்தது எது விட்டுப்போனாலும் போவட்டும். அத மட்டும் எழுதுங்க" என்றேன்.